அரை ஆழாக்கு, ஆறு வேளை

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் என் இரைப்பையில் முக்கால் பங்கை அறுத்து எடுத்தார்கள். இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நாலு வயசு இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளை இல்லை.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் வயிற்றுவலி. சாப்பிட்டால் நெஞ்சுக்குழியில் எரியும். சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பேன். கொஞ்சம் அடங்கும். கடைசி வருஷம் நேற்றுத் தின்றது இன்றைக்கு அப்படியே வெளியே வந்தது. அரியலூரில் ஒரு டாக்டர் பார்த்தார். இரைப்பையின் வாய் புண்ணாகி அடைத்திருக்கிறது, அறுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை என்றார். வீட்டுக்காரர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் வண்டி கட்டினார். அரியலூர் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். பின்னால் நடந்ததற்கு அவரைத் திட்ட வாயெடுத்தால் அந்த வண்டி ஞாபகம் வரும். திட்ட மாட்டேன்.

அறுத்த பிறகு ஒரு வாரம் தண்ணீரைக்கூட ஸ்பூனில்தான் கொடுத்தார்கள். அப்புறம் பால். அப்புறம் குழைந்த கஞ்சி. வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸம்மா அரிசி அளக்கிற பித்தளை ஆழாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"இது என்ன?"

"ஆழாக்குங்க."

"இதுல பாதிதான் இப்ப உன் வயிறு. ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு. மேல ஒரு வாய் போகக்கூடாது. ஆனா ஒரு நாளைக்கு ஆறு வேளை."

"ஆறாங்க?"

"ஆறு. உனக்குப் பசிக்காது. பசிக்கலேன்னு சும்மா இருந்துடாத. நல்லா மென்னு தின்னு. சோத்தோட தண்ணி குடிக்காத, அப்புறமா குடி. இனிப்பு வேணாம். சாப்பிட்டதும் அரை மணி படுத்துக்க. படுக்கலேன்னா படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும், விழுந்துடுவ."

திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"உங்க வூட்டுல யாரு சமைக்கிறது?"

"நான்தாங்க."

"யாரு முதல்ல சாப்பிடுவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு. உடம்பு ரொம்ப இளைச்சுதுன்னா மாசாமாசம் வர்றது நின்னுபோகும். நின்னா நீ சரியாச் சாப்பிடலேன்னு அர்த்தம். உடனே கிளம்பி இங்க வந்துடு."

சரி என்றேன். இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் எனக்கு மறந்துபோயிற்று என்று பிற்பாடு அண்ணன் வீட்டாரிடம் சொன்னேன். மறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ரயிலடிக்கு வருகிற வழியில் வீட்டுக்காரர் ஒரு கடையில் ஆழாக்கு ஒன்று வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். கரிசல் காடு. கம்பு, சோளம், வரகு, கொஞ்சம் பருத்தி. நான் பிறந்தது திருமழபாடி, கொள்ளிடக் கரை. அங்கே நெல். இங்கே அரிசிச்சோறு நல்ல நாளில்தான். சண்டைக் காலத்தில் அதுவும் அரிதாகிவிட்டது.

வீட்டில் நாலு பேர். மாமியார், வீட்டுக்காரர், கொழுந்தன், நான். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. ஆண்கள் காட்டிலிருந்து வந்து கை கழுவுவார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மாமியார். அவர் எழுந்த பிறகு நான். அதற்குள் உச்சி சாய்ந்துவிடும். சமைப்பது நான். பானையிலிருந்து அள்ளிப் போடுவது மாமியார். எனக்கும் அவர்தான் போடுவார். யாரும் உட்கார்ந்து பேசி வகுத்த வரிசை இல்லை. எந்த வீட்டிலும் அப்படித்தான்.

முதல் பத்து நாள் என்னை நோயாளியாக வைத்திருந்தார்கள். சுவரோரம் பாய். மாமியார் தம் கையாலேயே நொய்க்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். ஆழாக்கில் பாதி அளந்து ஊற்றும்போது, "குருவிகூட இதவிடத் திங்கும்" என்பார்.

வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆறு வேளையைப் பிரிக்க வேண்டும். பால் கறக்கும்போது ஒன்று. பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய, அரியலூருக்குப் போகிற கரி பஸ் ரோட்டில் புகை கக்கிக்கொண்டு போகும்போது ஒன்று. உச்சிக்கு ஒன்று. பஸ் திரும்பி வரும்போது ஒன்று. மாடு வீடு திரும்பும்போது ஒன்று. விளக்கு வைத்ததும் ஒன்று. பஸ் சில நாள் வராது. அன்றைக்கு முருங்கை மரத்து நிழலைப் பார்த்துக்கொள்வேன்.

பதினோராம் நாள் எழுந்து அடுப்படிக்குப் போனேன். நோயாளி போய் மருமகள் வந்துவிட்டாள். அன்றிலிருந்து தகராறு.

கொழுந்தன் வீட்டுக்காரருக்கு மூன்று வயசு இளையவர். வாய்த் துடுக்கு.

"என்ன அண்ணி, கரி பஸ்ஸுக்கும் உங்களுக்கும் ஒரே டயமா? அங்க அவன் கரி போடுறான், இங்க நீங்க கஞ்சி போடுறீங்க."

நானும் சிரித்தேன். மாமியார் சிரிக்கவில்லை.

"ஆம்பளைங்க வயித்துல இன்னும் ஒரு பருக்கை விழல. இவ அதுக்குள்ள மூணாந்தரம் குந்திட்டா."

"டாக்டர் சொன்னாருங்க அத்தை."

"டாக்டரா வந்து களை வெட்டப்போறான்?"

சாப்பிடுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டதும் படுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பட்டப்பகலில் மருமகள் பாயில் படுத்திருக்கிறாள். நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சீரங்கத்துப் பெருமாளாட்டம்ல படுத்திருக்கா உன் மருமவ. கால்மாட்டுல குந்திப் புடிச்சு வுடு" என்று மாமியாரிடம் சொன்னார். சொன்னவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மாமியார் அன்று பூராவும் என்னோடு பேசவில்லை.

படுக்காமல் இருந்து பார்த்தேன். கஞ்சி குடித்துவிட்டு உடனே அம்மிக்குப் போனேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. மேலெல்லாம் வேர்வை. அம்மியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழவி என் விரலில் ஏறி நகம் கறுத்தது. அதற்கும் திட்டு.

அப்புறம் ஒளிக்க ஆரம்பித்தேன். காலையில் வடிக்கும்போது அரை ஆழாக்கு எடுத்து மாட்டுக் கொட்டகையில் தீவனத் தொட்டிக்குப் பின்னால் வைப்பேன். சாணி அள்ளப் போகும்போது நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வேன். மெல்ல நேரம் இருக்காது. பாதி நாள் அங்கேயே வாந்தி எடுப்பேன். வைக்கோலைப் போட்டு மூடுவேன்.

ஒரு நாள் மாமியார் தொட்டிக்குப் பின்னால் கை விட்டார். கன்றுக்குட்டியின் கயிறு விழுந்திருந்தது. கயிற்றோடு ஆழாக்கும் வந்தது. உள்ளே வரகுச்சோறு.

அவர் கத்தவில்லை. ஆழாக்கைக் கொண்டுவந்து ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் நடுவில் வைத்தார்.

"மாட்டுக் கொட்டாயில திருடித் திங்கிற அளவுக்கு இந்த வூட்டுல யாரு இவளப் பட்டினி போட்டது? நீயே கேளுடா."

வீட்டுக்காரர் பிசைந்த கையோடு ஆழாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிணற்றடியில் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

"ஆத்தா சொல்றதையும் கொஞ்சம் கேளு புள்ள. ஊரு சிரிக்குது."

"டாக்டர் சொன்னத நீங்களும்தான கேட்டீங்க."

"கேட்டேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எல்லோரையும் போலச் சாப்பிட்டேன். மதியம் கடைசியில் ஒன்று, விளக்கு வைத்த பின் ஒன்று. இரண்டும் அரை ஆழாக்கு. ஆறு இரண்டாகிவிட்டது. நர்ஸம்மா சொன்னது போலப் பசி என்பது இல்லவே இல்லை. பசித்தாலாவது சண்டை போட்டிருப்பேன். வளையல் முழங்கை வரை ஏறியது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். பருத்திக் கட்டு எடை போட வந்த தராசில் கொழுந்தன் விளையாட்டாக என்னை ஏற்றிப் பார்த்தார். முள்ளைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்திவிட்டார்.

மாசாமாசம் வருவது ஆனியில்தான் கடைசி. ஆடியில் குளிக்கவில்லை. ஆவணியிலும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளைக்குக் கொல்லைப்புறத்தில் ஒரு சின்னக் குடிசை உண்டு. யார் போனார்கள், யார் போகவில்லை என்பது மாமியாருக்குத் தெரியாமல் இருக்காது. ஆவணிக் கடைசியில் நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து குந்தினார்.

"ரெண்டு மாசமா குடிசைக்குப் போகல நீ."

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

"முழுகாம இருக்கியாடி?"

நர்ஸம்மா சொன்னது அப்போதே ஞாபகம் வந்தது. ஒரு எழுத்து விடாமல் வந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. ஒருவேளை அதுவாகவே இருக்குமோ என்றும் ஒரு நினைப்பு. ஆறு வருஷமாக ஒவ்வொரு மாதமும் நினைத்த நினைப்புதானே. உடனே விடுகிறதா.

"சொல்லமாட்டியா? கள்ளி. அதான் எந்நேரமும் படுத்துக் கெடந்தியா? அதான் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னியா? அடி மக்கே, வாயத் தொறந்து சொன்னா என்ன?"

என் கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கி அவரே விளக்கினார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் பால் கறந்ததும் என்னைக் கூப்பிட்டார். பானையிலிருந்து சோறு போட்டு, பால் ஊற்றிப் பிசைந்து முன்னால் வைத்தார். எங்கிருந்தோ அரிசி வாங்கியிருந்தார். "முதல்ல நீ சாப்பிடு" என்றார். ஆண்கள் கை கழுவிவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் நிற்க நான் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? கூச்சத்தில் எழப்பார்த்தேன்.

"சாப்புடுங்க அண்ணி" என்று கொழுந்தன் வெளியிலிருந்து சொன்னார். "நாங்க அடுத்த பஸ்ல வரோம்."

அப்புறம் ஆறு வேளை. கேட்காமலே வந்தது. கரி பஸ் சத்தம் கேட்டதும் மாமியாரே கூப்பிடுவார், "பஸ்ஸு போகுது, வா." சாப்பிட்டதும் பாய் போட்டுக் கொடுப்பார். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா வந்தால், "சத்தம் போடாத, படுத்திருக்கா" என்பார். அவித்த முட்டை, பால், குழைந்த சோறு. டாக்டர் சொன்னதெல்லாம் நடந்தது. இருபது நாள் அப்படி. வளையலில் சுற்றிய நூலில் பாதியை அவிழ்த்தேன். குடம் தூக்கினால் கை நடுங்கவில்லை. அறுத்த பிறகு நான் உடம்போடு இருந்தது அந்த இருபது நாள்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று தினம் ஒரு தடவை நினைப்பேன். சொன்னால் பாய் போய்விடும். பால் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். இன்னும் கொஞ்சம் தேறினால் உண்மையாகவே குளிப்பு வந்துவிடும், அப்போது கலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்ததை இன்றைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியே குளிப்பு வந்திருக்கும். நடக்கவிடாமல் செய்தது மாமியாரின் ஆசை.

"ரெண்டு உசுரு. அரை ஆழாக்கு எப்படிடி காணும்?"

"போதுங்க அத்தை."

"உனக்குப் போதும். உள்ள இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு?"

அரை முக்காலாகியது. முக்கால் ஒன்றாகியது. புரட்டாசியில் உளுந்தங்களி கிண்ட ஆரம்பித்தார். நல்லெண்ணெய் மிதக்கும். வெல்லம் நிறைய. இடுப்புக்குப் பலம் என்பார். தம் கையாலேயே உருட்டி வாயில் போடுவார். இனிப்பு உள்ளே போனதும் கால் மணி நேரத்தில் கண்ணை இருட்டும். வேர்வை ஊற்றும். நெஞ்சு வாய்க்கு வரும். ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுப்பேன்.

நான் வாந்தி எடுக்க எடுக்க அவர் முகம் மலர்ந்தது.

"மசக்கை. நல்லா எடு. எனக்கும் பெரியவனுக்கு இப்படித்தான்."

முதுகைத் தடவிவிடுவார். பிறகு வயிறு காலியாகிவிட்டதே என்று மறுபடியும் ஒரு உருண்டை.

ஐப்பசியில் இரண்டு காலும் வீங்கின. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முகம் வெளுத்து மஞ்சள் பூத்தது. அதையும் பிள்ளைத்தாய்ச்சியின் களை என்றார்கள். வயிறு மட்டும் ஒட்டிக்கொண்டே போனது. தையல் தழும்பு பள்ளத்தில் கிடந்தது.

"வயிறு தெரியலயே" என்று பக்கத்து வீட்டு அம்மா இழுத்தார்.

"ஒல்லி ஒடம்பு. ஆம்பளப் புள்ள. முதுகுப் பக்கம் குந்தியிருக்கும்" என்றார் மாமியார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அதற்குள் மாமியார் சிறுவாச்சூர் காளியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டுவிட்டார். திருமழபாடிக்கு ஆள் போய்விட்டது. ஐந்தாம் மாதம் பிறந்த வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவர வேண்டுமே.

கார்த்திகையில் ஒரு நாள் வண்டி வந்தது. என் அண்ணனும் அண்ணன் பெண்சாதியும். எனக்கு அப்பா, அம்மா இல்லை. அண்ணன்தான் எல்லாம். அவர்கள் வீட்டிலேயே நெல் குறைந்த காலம். எப்படிச் சேர்த்தார்களோ, ஐந்து தூக்கில் ஐந்து வகைச் சோறு. சர்க்கரைச் சோறு, புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், தயிர். எனக்கு ஒரு பச்சைச் சீலை. அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். ரொம்ப நேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

அண்ணன் பெண்சாதி தலை பின்னிவிட்டாள். காதோரம் குனிந்தாள்.

"ஏன் இப்படி இருக்க? ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல."

இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று தெரிந்தது. பூ வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மனையில் உட்கார வைத்தார்கள். இலை போட்டு ஐந்தும் வைத்தார்கள். ஐந்து கட்டுக்கழுத்திப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஆளுக்கு ஒரு கை ஊட்ட வேண்டும். ஊட்டுவதை மறுக்கக் கூடாது. துப்பக் கூடாது. மீதி வைத்தால் பிள்ளைக்கு ஆகாது. பெண்கள் கை. காட்டில் வேலை செய்கிற கை. ஒரு கை என்றால் ஒரு ஆழாக்கு நிற்கும்.

ஆசைப்படுகிறாரே, முதலில் மாமியாரே ஊட்டட்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் தாலி அறுத்தவர். மாட்டேன் என்று சுவரோரம் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

சர்க்கரைச் சோறு முதலில். விழுங்கினேன். புளிச்சோறு. "நல்லா வாயத் தொற, உன் புருஷன் பார்க்கல" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது கைக்குள் காது அடைத்துவிட்டது. சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. நாலாவது யார் ஊட்டியது என்று தெரியாது. ஐந்தாவதாகத் தயிர்ச்சோறு. அது அண்ணன் பெண்சாதி. அவள் மட்டும் கையில் கொஞ்சமாக எடுத்திருந்தாள். அது ஞாபகம் இருக்கிறது.

எழுந்து இரண்டு எட்டு வைத்தேன். அவ்வளவுதான்.

பிறகு வண்டியில் கண் விழித்தேன். பச்சைச் சீலையெல்லாம் வாந்தி. அதில் ரத்தமும் இருந்தது. மாமியார் மடியில் என் தலை. அண்ணன் மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தார்.

அரியலூரில் ஒரு டாக்டரம்மா. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு வயிற்றைப் பார்த்தார். மாமியார் மட்டும் போகவில்லை.

"எத்தன மாசம்ங்கறீங்க?"

"அஞ்சுங்க" என்றார் மாமியார்.

"புள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடம்புல ரத்தமே இல்லம்மா. அதான் நின்னுருக்கு. அறுத்த வயித்துக்கு இப்படியா போடுவாங்க? கொஞ்சங்கொஞ்சமா ஆறு வேளை குடுக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இவளுக்கு இனிமே தங்குமாங்க?" என்று கடைசியில் கேட்டார். பிள்ளையைக் கேட்டார்.

"முதல்ல இவ தங்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

எட்டு நாள் அங்கே இருந்தேன். திரும்பும்போது வண்டியில் நானும் மாமியாரும் பின்னால். வீட்டுக்காரர் ஓட்டினார். ஒரு ஓடைப் பாலத்தில் வண்டி ஏறும்போது மாமியார் மெதுவாகக் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து பாதி தெரியும். ஐப்பசிலேருந்து முழுசாத் தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா சோறு போட்டிருப்பீங்களா அத்தை?"

அவர் வீடு வரும் வரை சோளக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் வீட்டுக்காரரின் முதுகு. அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் கேட்டிருக்கும்.

என்னை அடிக்கவில்லை. துரத்தவில்லை. அதைச் சொல்ல வேண்டும். ஊருக்குள் கலைந்துவிட்டது என்று சொன்னார்கள். மாமியார் மட்டும் சிறுவாச்சூர் போய் மாவிளக்கைப் போட்டுவிட்டு வந்தார். வேண்டியது நடக்காவிட்டாலும் வேண்டிக்கொண்டதைச் செய்துவிட வேண்டும் என்றார்.

தை பிறந்து சில நாள் கழித்து வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு வந்தார். நான் சாணி தட்டிக்கொண்டிருந்தேன்.

"வாலிகண்டபுரத்துல ஒரு எடம் சொல்றாங்க" என்றார்.

"சரி."

"நீ இங்கயே இரு. உன்ன யாரும் போகச் சொல்லல."

"சரி."

"வேற ஏதாச்சும் சொல்லு புள்ள."

"கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு சாய்ப்பு இறக்கிக் குடுங்க. ஒரு அடுப்பு வச்சுக்கறேன்."

இறக்கிக் கொடுத்தார். தென்னங்கீற்றுச் சாய்ப்பு. ஒரு அடுப்பு, இரண்டு சட்டி, ஒரு பாய். ஆழாக்கை அத்தையிடம் கேட்டு வாங்கினேன். விளக்கித் துடைத்துக் கொடுத்தார். கல்யாணம் மாசியில் நடந்தது. வந்த பெண் என்னை அக்கா என்றாள். நல்ல பெண். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் குனிய வேண்டியதில்லை. அவள் என்ன செய்தாள்?

அதற்குப் பிறகு என் சாப்பாட்டை யாரும் பார்க்கவில்லை. பால் கறக்கும்போது ஒன்று. பஸ்ஸுக்கு ஒன்று. உச்சிக்கு ஒன்று. எல்லாம் அரை ஆழாக்கு. நன்றாக மென்று, தண்ணீர் இல்லாமல். சாப்பிட்டதும் பாயைப் போட்டுப் படுத்துவிடுவேன். கதவு கிடையாது. போகிறவர் வருகிறவர் பார்ப்பார்கள். ஒரு சொல் கிடையாது. களை வெட்டப் போனால் முந்தானையில் முடிந்து கொண்டுபோவேன். வரப்பில் உட்கார்ந்து தின்றுவிட்டு அங்கேயே சாய்வேன். கொழுந்தன்கூடக் கேலி பேசுவதை விட்டுவிட்டார். அவர் கேலி பேசினால் தேவலை என்று இருக்கும்.

உடம்பு தேறவில்லை. மேலும் கெடவும் இல்லை. கால் வீக்கம் வற்றியது. குளிப்பு இரண்டு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை. குடிசைக்குப் போனேனா இல்லையா என்று யாரும் எண்ணவில்லை.

அடுத்த வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம் வாலிகண்டபுரத்திலிருந்து வண்டி வந்தது. ஐந்து தூக்கு. முற்றத்தில் மனை போட்டார்கள். பெண்கள் வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளை இல்லாதவள் ஊட்டக் கூடாது. அது எனக்குத் தெரியும். நான் சாய்ப்பில் இருந்தேன். "நல்லா வாயத் தொற" என்று அதே பெண்ணின் குரல் கேட்டது. அதே சிரிப்பு.

எல்லாம் முடிந்து பெண்கள் போன பிறகு மாமியார் ஒரு இலையைக் கொண்டுவந்தார். ஐந்து சோறும் நிறைய இருந்தது. நாலு பேர் சாப்பிடலாம். சாய்ப்பின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சாப்புடு" என்றார். அப்புறம், "உன்னால முடிஞ்சத" என்றார்.

வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பஸ் இன்னும் திரும்பவில்லை. காத்திருந்தேன். ரோட்டில் சத்தம் கேட்டதும் ஆழாக்கை எடுத்துத் தயிர்ச்சோற்றில் பாதி அளந்தேன். மென்று தின்றேன். சர்க்கரைச் சோற்றைத் தொடவில்லை. மீதியை இலையோடு கொண்டுபோய்ப் பசுவுக்கு வைத்தேன். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது.

கை கழுவிவிட்டுப் பாயை விரித்தேன். அரை மணி படுத்தேன்.